காய்ச்சலுக்கு ஏன் இந்தப் பெருமை?

கொள்ளைநோய் வந்தால் சமூகம் மாறும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 2020-க்குப் பிறகு வந்த கட்டுரைத் தொகுப்புகளிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் ஞாயிறு இணைப்பிதழ்களிலும் இந்த வாசகத்தைக் காணாமல் இருக்க முடியாது. சான்றாக எப்போதும் நிறுத்தப்படுவது 1918-ன் இன்ஃபுளுவென்சா. இந்தக் கருத்து தவறு. பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வது இன்னும் பெரிய தவறு. அதை விளக்கும் முன், எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன்.

1918 மே மாதக் கடைசியில் பம்பாய்த் துறைமுகத்தில் காய்ச்சல் கரையேறியது. முதல் அலை லேசாகப் போனது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலை ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டு நாடு முழுவதும் பரவியது. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. தானிய விலை ஏறிக் கிடந்தது. இந்தியாவில் இறந்தவர்கள் 1 கோடியே 70 லட்சத்துக்குக் குறையாது என்று 1986-ல் இயன் மில்ஸ் கணக்கிட்டார். 2012-ல் சந்திரா குழுவினர் அதை 1 கோடியே 40 லட்சத்துக்கு அருகே கொண்டுவந்தார்கள். சிறிய கணக்கே போதும், நெஞ்சு உறைய. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-ல் 25.13 கோடியாகச் சரிந்தது. நம் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள் குறைந்த ஒரே பத்தாண்டு அது. பாடப்புத்தகம் 1921-ஐப் பெரும் பிரிவினை ஆண்டு என்று குறிக்கிறது.

இவ்வளவு பேரைப் பறிகொடுத்த சமூகம் முன்போல் இருக்க முடியுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். பாயில் கிடந்தவர்களில் சாதி பார்க்கவில்லை நோய், ஆகவே சாதிக்கட்டு தளர்ந்தது. அரசு விழித்துக்கொண்டது, ஆகவே பொதுச் சுகாதாரம் பிறந்தது. மக்கள் கோபம் கொண்டார்கள், ஆகவே காந்தியின் பின்னால் திரண்டார்கள். அவர்களுடைய வரிசை இது. திருவிதாங்கூரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: நல்ல மன்னரும் நல்ல ஆஸ்பத்திரிகளும் இருந்ததால் இங்கே பாதிப்பு குறைவு.

மரணத்தின் அளவில் எனக்குத் தகராறு இல்லை. அந்த "ஆகவே"க்கள்தான் எனக்கு ஏற்பில்லை.

1. அடித்த இடம் ஒன்று, மாறிய இடம் வேறு.

அனைத்திந்திய எண்ணை எடுத்து வந்து நெய்யாற்றின் கரையில் நட்டால் முளைக்குமா? திருவிதாங்கூரின் கணக்கைப் பாருங்கள். 1901-ல் 29,52,157 பேர். 1911-ல் 34,28,975. 1921-ல் 40,06,062. முதல் பத்தாண்டில் 16 சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ச்சி. காய்ச்சல் வந்த பத்தாண்டில் 16.8. நாடே சுருங்கிய பத்தாண்டில் இங்கே வளர்ச்சி வேகம் குறையக்கூட இல்லை. இதனால் இங்கே யாரும் சாகவில்லை என்று ஆகிவிடாது. கொல்லம் 1094-ல் காய்ச்சல் இங்கேயும் வந்தது. கிராமத்துச் சாவுகள் ஒழுங்காகப் பதிவாகாத காலம் அது. குடிசைச் சாவுகள் இன்னும் குறைவாகவே பதிவாகியிருக்கும். ஆனால் மக்கள்தொகையைத் திருப்பிப் போடும் அடி இங்கே விழவில்லை என்பது மட்டும் உறுதி.

மிகக் கொடுமையாக அடிபட்டவை பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணங்களும். நோய்தான் சமூகத்தை மாற்றும் என்றால் அடுத்த இருபதாண்டுகளில் தலைகீழாக மாறியிருக்க வேண்டியது நாக்பூரைச் சுற்றிய கிராமங்கள். நடந்தது என்ன? வைக்கம் போராட்டமும் கோயில் நுழைவுப் பிரகடனமும் பள்ளிக்கூடப் பெருக்கமும் நோய் குறைவாக அடித்த திருவிதாங்கூரில் நடந்தன. காரணம் அங்கே, விளைவு இங்கே என்றால் அதை யார் காரணம் என்று ஒப்புவார்கள்?

உடனே மன்னரின் நல்லாட்சியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதுவும் நிற்காது. சென்னை மாகாணத்துக்கு மன்னர் இல்லை. அங்கும் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை சுமார் 2 சதவீதம் கூடியது. பம்பாயிலிருந்து தெற்கிலும் கிழக்கிலும் விலக விலகக் காய்ச்சலின் கொலைவெறி குறைந்ததை ஆய்வாளர்கள் பலரும் காட்டியிருக்கிறார்கள். காய்ச்சல் ரயிலில் பயணம் செய்தது. திருவனந்தபுரத்துக்கே ரயில் வந்தது 1918 சனவரியில்தான். அங்கிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் ஓட 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்த காலத்தில் இந்தச் சாலையில் ஓடியது மாட்டுவண்டி. பர்மா அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் குடிசை அடுப்பில் மரச்சீனி வெந்தது. பக்கத்தில் கடல் மீன் இருந்தது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இவை எதையும் எண்ணிப் பார்க்காமல் அரண்மனைக்கு மாலை போடுவதை ஆய்வு என்று சொல்லக்கூடாது.

2. நோய் எல்லோரையும் சமமாக நடத்தியது என்று யார் சொன்னது?

பம்பாய் நகரத்தின் 1918 இன்ஃபுளுவென்சா சாவுக் கணக்கு சமூகவாரியாக இருக்கிறது. ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர். பார்சிகளில் 9. ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களில் 61.6. ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே மாதங்கள். ஏழு மடங்கு வித்தியாசம். கிருமிக்குச் சாதி தெரியாது என்பது சரி. வீட்டுக்குத் தெரியும். ஒற்றை அறையில் பத்துப் பேர் படுக்கும் சாள் குடியிருப்புக்குத் தெரியும். கூலிக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு ஒரு வாய் கஞ்சியும் சுடுதண்ணீரும் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதில்தான் அந்தக் காய்ச்சலில் பலருடைய உயிர் இருந்தது. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் விழுந்தால், மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்றால், பிழைக்க வழியில்லை.

பெண்களைப் பாருங்கள். பல நாடுகளில் ஆண்கள் அதிகம் இறந்தார்கள். இந்தியாவில் பெண்கள் அதிகம் இறந்தார்கள். அதிலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள். கடைசியாகச் சாப்பிட்டவளும் முதலில் எழுந்து நோயாளியைப் பார்த்தவளும் ஒருத்தியே. நோய் இங்கே எந்தச் சமத்துவத்தையும் கொண்டுவரவில்லை. வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வைப் பிணக்கணக்காக மாற்றிக் கொடுத்தது.

இது பழங்கதை அல்ல. 2020 சூலையில் திருவனந்தபுரம் கடற்கரையின் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் கொரோனாவின் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டது என்று கேரள முதலமைச்சர் அறிவித்தார். இடவா முதல் பொழியூர் வரை கடற்கரை முழுவதும் மூன்று மண்டலங்களாகப் பிரித்து அடைக்கப்பட்டது. பூந்துறையில் கமாண்டோக்கள் இறங்கினார்கள். அடுத்தடுத்துச் சுவரை ஒட்டிக் கட்டிய வீடுகள், கடல் அரித்து ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கும் கரை, அன்றன்றைக்குக் கடலுக்குப் போனால் மட்டும் காசு. அந்த ஊர்களில் தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள் என்றால் எந்த அறைக்குள்? அப்படியிருந்தும் கட்டுப்பாடில்லாதவர்கள் என்ற பழி மீனவர்கள் தலையில் ஏறியது. நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு கொள்ளைநோய்கள், இரண்டிலும் ஒரே வகை மக்கள் அதிகம் பட்டார்கள். சமூகத்தை மாற்றியமைத்த நோயின் அடையாளம் இதுவா?

3. பிறந்த பிள்ளைக்குப் பிறகு வந்த தகப்பன்.

சாதிக்கட்டு தளர்ந்ததற்குக் காய்ச்சலைக் காரணம் காட்டுபவர்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வரலாற்றில் ஒரு பக்கத்தையாவது புரட்டட்டும். இந்தத் தாலுகாவிலும் இதன் தெற்கேயும் சாணார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859-ல் அரசாணை பெற்றார்கள். நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புரத்தில் நாராயண குரு சிவலிங்கம் நட்டது 1888-ல். வெங்ஙானூர் அய்யன்காளி, புலையருக்குத் தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டியது 1893-ல். அவர் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கியது 1907-ல். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுக் கூலிகள் வேலையை நிறுத்தியதும், ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து அவர் பள்ளிக்கூடத்துக்குள் போனதும், அந்தப் பள்ளியே எரிக்கப்பட்டதும் எல்லாம் 1918-க்கு முன்.

இதில் காய்ச்சலுக்கு எங்கே இடம்?

காய்ச்சலுக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் பார்ப்போம். பாயில் கிடந்தபோது எல்லோரும் சமமென்று உணர்ந்திருந்தால், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க 1924-லும் 1925-லும் வைக்கத்தில் மாதக்கணக்கில் வெயிலிலும் வெள்ளத்திலும் நின்றிருக்க வேண்டிய தேவை என்ன? கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12 வரை ஆனது. பதினெட்டு ஆண்டுகள்! ஒரு கொள்ளைநோய் நெகிழ்த்திய மனத்துக்கு இவ்வளவு தாமதம் ஏன்? மனம் நெகிழவில்லை என்பதுதான் விடை. அடிபட்டவர்கள் விடாமல் தள்ளியதால் கதவு திறந்தது. நோய்க்கு அந்தப் பெருமையைக் கொடுத்தால், வண்டியை ஓட்டியவனிடமிருந்தும் வேலையை நிறுத்திப் பட்டினி கிடந்தவர்களிடமிருந்தும் அதைப் பறிக்கிறோம். என் கோபத்தின் மூலமே இதுதான்.

4. பொதுச் சுகாதாரம் காய்ச்சலின் பிள்ளை என்பது கேட்க நன்றாக இருக்கிறது.

ஆவணங்கள் வேறு சொல்கின்றன. திருவிதாங்கூரின் தொற்றுநோய்ச் சட்டம் கொல்லம் 1073-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது 1897-98. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் 1897. இரண்டும் பிளேக் காலத்தவை. 2020-ல் கொரோனா வந்தபோது இந்திய அரசு கையில் எடுத்தது அதே 1897 சட்டத்தை. கேரளம் அந்த ஆண்டு புதிய அவசரச் சட்டம் போட்டபோதுதான் பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் விலக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் செத்த 1918, இந்தச் சட்டங்களை நூறு ஆண்டுக்கு மேல் அசைக்கவில்லை. ஒரு சட்டத்தைக்கூட மாற்றாதது சமூகத்தை எப்படி மாற்றியமைத்தது?

சுகாதாரத் துறை மாகாண அமைச்சர்கள் கைக்கு வந்தது 1919 சீர்திருத்தத்தில்தானே என்று கேட்கலாம். அந்தச் சீர்திருத்தத்தின் மாண்டேகு - செம்ஸ்போர்டு அறிக்கை வெளியானது 1918 சூலையில். கொலைகார அலை எழுந்தது செப்டம்பரில்.

இந்த ஊருக்கே உரிய சான்று ஒன்று உண்டு. 1930-களின் தொடக்கத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு திருவிதாங்கூர் அரசு ஒரு கிராமச் சுகாதார நிலையத்தை முன்மாதிரியாக நிறுவியது. அதற்குத் தேர்ந்த இடம் நெய்யாற்றின்கரை. இந்தியாவிலேயே அப்படி எழுந்த முதல் சில நிலையங்களில் அதுவும் ஒன்று. 1933-ல் திருவிதாங்கூர் பொதுச் சுகாதாரத் துறை உருவானது. ராக்பெல்லர்காரர்களை இங்கே இழுத்து வந்தது எது? கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களின் பாதத்தில் நுழைந்து, குடலில் தொங்கி, ரத்தத்தை உறிஞ்சும் புழு. அதை ஒழிக்கும் வேலையை அவர்கள் உலக அளவில் தொடங்கியது 1913-ல். நாம் பெருமைப்படும் நெய்யாற்றின்கரை நிலையத்துக்கு வழி திறந்தது, தலைப்புச் செய்தியில் வராத, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மனிதரை உலர்த்திய ஒரு நோய். அதை எண்ணி, கக்கூஸ் கட்டி, மருந்து கொடுத்து, வீடு வீடாகப் போன ஊழியர்கள். காய்ச்சலின் பெயர் அங்கே எங்கேயும் வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1919 பொதுச் சுகாதாரச் சட்டமும் நியூசிலாந்தின் 1920 சட்டமும் இன்ஃபுளுவென்சாவின் நேர் விளைவுகள். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தென்னாப்பிரிக்காவில்தான் 1923-ல் நகரங்களில் கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கும் சட்டம் வந்தது. அதற்கு வாதாடியவர்கள் கொள்ளைநோய் அச்சத்தையும் கருவியாக்கினார்கள். நோய் ஒரு வாய்ப்பைத் திறக்கலாம். அதில் யார் நுழைகிறார்கள், என்ன கொண்டு வருகிறார்கள் என்பதை அங்கே ஏற்கெனவே அதிகாரத்தில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

5. காந்திக்கு வந்தது வேறு நோய்.

1918-ல் காந்தியையே இன்ஃபுளுவென்சா சாய்த்தது என்று எத்தனை கட்டுரைகள்! கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க அலைந்த காந்தி ஆகஸ்டில் விழுந்தது வயிற்றுக்கடுப்பில். தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அவர் குடும்பத்தில் காய்ச்சல் கொண்டுபோனது மகன் ஹரிலாலின் மனைவியையும் ஒரு பேரக்குழந்தையையும். வெகுமக்கள் எழுச்சிக்கும் அதே கதைதான். ரௌலட் சட்டம், போர்க்காலக் கெடுபிடி, அரிசி விலை இவை இல்லாமல் 1919 இல்லை. சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வாடியாவும் திரு.வி.க.வும் தோழர்களும் தொடங்கியது 1918 ஏப்ரல் 27-ல். பம்பாயில் முதல் காய்ச்சல் தென்படுவதற்கு ஒரு மாதம் முன்பே.

6. மற்ற காய்ச்சல்களை ஏன் மறைக்கிறீர்கள்?

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ராஜூலா கப்பலில் ஆசியக் காய்ச்சல் வந்து இறங்கியது. அதுவும் உலகப் பெருந்தொற்று. பத்து லட்சம் பேருக்குமேல் பலிகொண்டது. அதே 1957 ஏப்ரலில் கேரளத்தில் முதல் அமைச்சரவை பதவியேற்று, குடியானவர்களை வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தை ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தது. கேரள நிலச் சீர்திருத்தம் ஆசியக் காய்ச்சலின் விளைவு என்று யாராவது எழுதுவார்களா? மாட்டார்கள், ஏனென்றால் அதை நடத்திய மனிதர்களை நமக்குத் தெரியும். 1918-ஐச் சுற்றி நடந்தவற்றை நடத்திய மனிதர்கள் கூலிகளும் பெண்களும் என்பதால் பெயர்கள் மறந்துபோயின. அந்த வெற்றிடத்தில் கிருமியை உட்கார வைத்திருக்கிறார்கள்.

7. கருத்துதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது.

அதன் விளைவை எங்கள் எல்லையில் பார்த்தோம். 1918-ல் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூரின் அடுத்தடுத்த தாலுகாக்கள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இந்த இணைப்புக்காக நேசமணி தலைமையில் போராடியவர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சு, கல்யாணம், சந்தை, சபை, கோயில் எதுவும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. களியக்காவிளைக்காரருக்குப் பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி பக்கம். குழித்துறையில் புற்றுநோய் வந்தவர் போவது திருவனந்தபுரத்துக்கு. 2020-ல் இந்தப் பக்கம் இஞ்சிவிளையில் ஒரு பதிவு, அந்தப் பக்கம் ஒரு இ-பாஸ் என்று வந்தது. இடைவழிகளில் தடுப்பு விழுந்தது. தீனம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். நோயே எல்லாவற்றையும் நடத்துகிறது என்று நம்பும் அரசுக்கு, அதன் வழியை மறிப்பது மட்டுமே வேலையாகத் தெரியும். இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து ஒரு மருத்துவத் திட்டம் போட வேண்டும், எல்லைவாசியின் சிகிச்சை அட்டை இரண்டு பக்கமும் செல்ல வேண்டும் என்பவை அதன் கண்ணில் படாது.

இன்னொரு கேடும் உண்டு. கொள்ளைநோய் தானாக ஆஸ்பத்திரி கட்டும், தானாகச் சாதியைக் கரைக்கும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அடுத்த கொள்ளைநோயைச் சீர்திருத்தக்காரனாக எதிர்பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். கொரோனாவுக்குப் பிறகு பொழியூர்க் கரையில் வீடுகளுக்கு இடையே எவ்வளவு இடம் கூடியிருக்கிறது? இந்தக் கேள்விக்கு நோய் பதில் சொல்லாது. பஞ்சாயத்தும் சட்டமன்ற உறுப்பினரும் சொல்ல வேண்டும்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டாரங்களில் லண்டன் மிஷன் காலத்துச் சபைகளும் கடற்கரையில் கத்தோலிக்கப் பங்குகளும் இருக்கின்றன; அவற்றில் பலவற்றில் பழைய அடக்கப் பதிவேடுகள் உண்டு. உங்கள் சபையில் இருந்தால், 1918 செப்டம்பரிலிருந்து 1919 மார்ச் வரையிலான பக்கங்களைத் திறந்து பாருங்கள். யார் இறந்தார்கள், என்ன வயது, ஆணா பெண்ணா, என்ன தொழில் என்று எழுதி எடுங்கள். சபை மூப்பர்களிடம் அனுமதி கேட்டுப் படம் பிடித்து வையுங்கள். தாள் பொடிந்து கொண்டிருக்கிறது. இந்த ஊர்களில் அந்தக் காய்ச்சல் யாரைக் கொண்டுபோனது என்பதை மக்கள்தொகைக் கணக்கு சொல்லாது. அந்தப் பதிவேடுகள் சொல்லும்.